வேலை என்னுது என்றவர்

செவ்வாய்க்கிழமை முற்பகல் லேத்தில் ஒரு பித்தளை புஷ்ஷைக் கடைந்துகொண்டிருந்தேன். எர்ணாவூரிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் பட்டறை வாசலில் காலை ஊன்றி நின்று ஏதோ சொன்னார். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு, "இன்னாங்க?" என்றேன்.

"மேஸ்திரி பூட்டாருங்க."

"எங்க பூட்டாரு?" என்று கேட்டேன். அவர் எங்காவது போய்க்கொண்டேதான் இருப்பார். மணலிக்கு, எண்ணூருக்கு, உப்பளத்துக்கு. வந்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரசரைப் பிரித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். "கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்று கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வந்தபோது அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதெல்லாம் மனசு கேளாமல் செய்த காரியம்.

அடக்கம் முடிந்து இன்றோடு ஒரு வாரம் ஆகிறது. சவரிமுத்து மேஸ்திரியை அறிந்தவர்கள் ராயபுரத்தில் நிறையப் பேர். அறிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களைவிட அதிகம். இரு சாராருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இரும்பைக் கடைந்துதான் பழக்கம். வார்த்தை எங்காவது பிசிறடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரியின் கொட்டகைக்கும் என் லேத்துப் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். துறைமுகப் பணிமனையில் பிட்டராக இருந்தவர் அவர். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கடற்கரைக்கு லாஞ்சுகள் வரத் தொடங்கின. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் கடன் வாங்கி டீசல் இஞ்சின் வைத்த படகுகளை இறக்கினார்கள். இஞ்சின் வந்ததே தவிர, அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை. மேஸ்திரி நிரந்தர வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து கொட்டகை போட்டார். அவர் மனைவி ரோசம்மா அண்ணி அதற்காக ஒரு மாதம் அவருடன் பேசவில்லை.

குள்ளமான, அகன்ற உடம்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். இஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் கோபம் பொத்துக்கொண்டு வரும். வாடிக்கைக்காரர்களிடம் சிரித்துப் பேசுகிற பழக்கமே கிடையாது. வியாபாரத்துக்கு ஏற்ற முகம் இல்லை என்று அண்ணியே சொல்வார்கள்.

அவர் கூலி வாங்கிய விதம் கடற்கரை முழுவதும் பேச்சாக இருந்தது. இஞ்சினைப் பார்ப்பதற்கு மட்டும் தனியாக ஒரு கூலி. ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதைக் கொடுத்துவிட வேண்டும். புதிதாக லாஞ்சு வாங்கிய ஒருவர் ஒரு நாள் இதற்காகச் சண்டைக்கே வந்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, ஒரு நட்டுகூட கயட்டல. கண்ண மூடிக்கினு குந்தினு இருந்த. அதுக்குத் துட்டா?"

"கயட்றதுக்குக் கூலி கம்மி. கயட்டாம கண்டுபுடிக்கறதுக்குத்தான் ஜாஸ்தி" என்றார் மேஸ்திரி. "உன் இஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. டீசல்ல தண்ணி கலந்துகீது. டேங்க்கக் கழுவு, வேற டீசல் ஊத்து. நான் உன் இஞ்சின மொத்தமாப் பிரிச்சிப் போட்டு, ஒரு வாரம் கயிச்சி அதே இஞ்சின மாட்டிக் குடுத்திருந்தா நீ கும்பிட்டு நோட்டு நோட்டா குடுத்திருப்ப."

அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். மறுவாரம் தன் மச்சானை அழைத்துக்கொண்டு வந்தார். பிறகு அவர்கள் இருவரும் அவரை விட்டுப் போனதே இல்லை, எல்லாரும் போன அந்த நாள் வரைக்கும்.

பெரிய வேலைக்கு அவர் ஒரேயடியாக விலை சொல்ல மாட்டார். "தொறக்காத இஞ்சினுக்கு வெலை சொன்னா அது பொய்" என்பார். பிரிப்பதற்கு மட்டும் ஒரு விலை. பிரித்த பின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, தேய்ந்ததைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மீதி விலை. மாற்றிய பழைய சாமான்களைக் கோணியில் கட்டி அவரிடமே கொடுத்துவிடுவார். வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டவரிடம், "எடைக்குப் போடு. ஆனா மாத்திட்டேன்னு நான் சொன்னத நம்பாத, கண்ணால பாரு" என்றார்.

எங்கள் தொழிலில் எல்லாரும் கூசாமல் சொல்கிற சொல் 'நாளைக்கு'. நானும் சொல்வேன். மேஸ்திரிக்கு அது ஆகாது. வேலையில் அவர் வேகமானவர் இல்லை, சொன்ன நாள் அவருக்கும் தவறும். தவறப்போகிறது என்று தெரிந்தால் வாடிக்கைக்காரர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் தானே கிளம்பிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். "வேல தவறிச்சின்னா அவன் நம்மளத் தேடி வரக்கூடாது நைனா. நாமதான் தேடிப் போவணும்" என்று என்னிடம் சொல்வார்.

ஒரு மழைக்காலம். சடையங்குப்பத்தில் ஒருவருடைய தண்ணீர் இறைக்கும் இஞ்சின் ரிப்பேருக்கு வந்திருந்தது. சொன்ன நாளில் முடியவில்லை. மேஸ்திரி கொட்டுகிற மழையில் கிளம்பிப் போனார். சடையங்குப்பம் தாழ்வான இடம், மழை என்றால் தெருவே ஏரியாகிவிடும். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், "இஞ்சின் இன்னிக்கு ஆவலப்பா, நாளன்னிக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரைக் குடத்தால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாராம். ஒரு நிமிடம் இவரைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிய எறைக்கத்தான்யா அந்த இஞ்சினே" என்று சொல்லிச் சிரித்துவிட்டாராம்.

திரும்பி வந்த மேஸ்திரி சிரிக்கவில்லை. ஈரத்துணியோடு உட்கார்ந்து வேலையை முடித்து, மறுநாள் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தானே போய் ஓட்டிவிட்டு வந்தார். பேசிய கூலியில் பாதிதான் வாங்கினார். ஏன் என்று கேட்டேன். "அவன் வூட்டுல தண்ணி நின்னது நான் தவறவுட்ட நாளுல நைனா. அந்த நாளுக்கு அவன் கூலி குடுப்பானா?"

இதையெல்லாம் நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம், பின்னால் நடந்ததை இவையில்லாமல் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான்.

கன்னியப்பன் மேஸ்திரியின் முதல் வாடிக்கைக்காரர்களில் ஒருவர். குப்பத்தில் பிறந்து, கட்டுமரத்திலிருந்து லாஞ்சுக்கு வந்தவர். வாடிக்கை என்பதைவிட தோஸ்து என்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து மேஸ்திரி வீட்டுக்கு வஞ்சிரம் வரும். ஆடி மாதம் குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மேஸ்திரி குடும்பத்தோடு அங்கே போய் நிற்பார். கன்னியப்பன் இருக்கிற இடத்தில் சத்தமும் சிரிப்புமாக இருக்கும். மேஸ்திரியைச் சிரிக்கவைக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய லாஞ்சு இஞ்சினில் ஒரு புரட்டாசி மாதம் தட்டுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி பிரித்துப் பார்த்தார். இஞ்சினுக்குள் சுழல்கிற தண்டான கிராங்க் ஷாப்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்து வட்டம் கெட்டிருந்தது. அதைக் கழற்றிப் பட்டணத்துக்கு அனுப்பி அரைத்துக்கொண்டு வந்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். என் லேத்தில் ஆகிற வேலை இல்லை. மூன்று வாரமாவது பிடிக்கும். செலவும் அதிகம்.

கன்னியப்பனால் மூன்று வாரம் கரையில் உட்கார முடியாது. இறால் விழுகிற பருவம். லாஞ்சுக் கடனுக்குத் தவணை வேறு. தேய்ந்த ஷாப்டின் மேலேயே புதுப் பேரிங்கைப் போட்டு மூடிக் கொடுக்கும்படி கேட்டார். மேஸ்திரி முடியாது என்றார். கன்னியப்பன் தினமும் வந்தார். வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார். அப்போதெல்லாம் அவர் சிரிக்கவில்லை.

"மேஸ்திரி, பாதி வேல பண்ணு போதும். சீசன் முடியட்டும், நானே இஞ்சினத் தூக்கினு வந்து உன் கால்ல போட்றேன். வூட்டுல அடுப்பு எரியல மேஸ்திரி. உன்னாண்ட சொல்லாம யாராண்ட சொல்வேன்?"

அதற்குமேல் மேஸ்திரியால் தாங்க முடியவில்லை. பேரிங்கைப் போட்டார். இஞ்சினை ஓடவிட்டபோது தட்டுகிற சத்தம் அடங்கிப் போயிருந்தது. கன்னியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே நானும் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது.

"இத பாரு கன்னியப்பா. சத்தம் போச்சேன்னு நெனைக்காத. வியாதி உள்ளதான் கீது. கரை கண்ணுக்குத் தெரியற தூரம் வரைக்கும்தான் போவணும். வேகம் வைக்காத. வாடைக்காத்து தூக்கற மாதிரி இருந்தா உடனே திரும்பிடு. வெரட்டி ஓட்டினன்னா பேரிங் உருகி இஞ்சின் நின்னுடும். புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது மேஸ்திரி. நான் இன்னா சின்னப்பையனா?"

"திருப்பிச் சொல்லு."

கன்னியப்பன் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார். பிறகு மடியிலிருந்து கூலியை எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி ஒரு கணம் தயங்கினார். கன்னியப்பன் விடவில்லை. "சும்மா செஞ்சேன்னு பேரு வேணாம்" என்று அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில் ஒரு நாள் எண்ணூருக்கு வடக்கே ஆழ்கடலில் இறால் நன்றாகப் படுகிறது என்று பேச்சு வந்தது. லாஞ்சுகள் எல்லாம் போயின. கன்னியப்பனும் போனார். கூட மூன்று ஆட்கள். பிற்பகலில் வானம் கறுத்துக் காற்று தூக்கியது. ஒவ்வொரு லாஞ்சாகக் கரைக்குத் திரும்பி வந்தது. கடைசியாக வந்தவர்கள், கன்னியப்பன் லாஞ்சு வேகமெடுத்து வந்துகொண்டிருந்ததாகவும் திடீரென்று நின்றுவிட்டதாகவும் சொன்னார்கள். அலையில் நெருங்க முடியவில்லை, கயிறு வீசிப் பார்த்தோம், எட்டவில்லை என்று சொல்லி அழுதார்கள். பிறகு பழவேற்காட்டுப் பக்கம் பலகைகள் ஒதுங்கின. நால்வரில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.

மேஸ்திரி அந்த நாட்களில் கடற்கரையிலேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டார். பலகை கிடைத்த செய்தி வந்த அன்று கொட்டகைக்குத் திரும்பினார். பின்னாலேயே ஜனம் வந்தது.

முன்னால் வந்தவர் எல்லப்பன். அந்த லாஞ்சில் போன பையன்களில் ஒருவனுடைய தகப்பனார். அவனுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். எல்லப்பன் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தார்.

"என் புள்ளைய இன்னா வெலைக்கு வித்த? சொல்லு. கூலி வாங்கினல்ல? இன்னா வெலை?"

மேஸ்திரி கையை விலக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வாய் மூடிக்கொண்டது.

"வேலை என்னுது பெரியவரே" என்றார். அவ்வளவுதான். யார் என்ன கேட்டாலும் அதையே சொன்னார். "வேலை என்னுது."

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் ரோசம்மா அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மேஸ்திரி கன்னியப்பனை என்ன சொல்லி அனுப்பினார் என்பது அண்ணிக்கும் தெரியும். "தம்பி பக்கத்துலயே நின்னுகினு இருந்துச்சே. சாட்சி கீதே. நான் போவாதன்னு சொன்னேன், அவன்தான் போனான்னு சொல்லேன்யா! உனுக்கு வாயில்ல?"

மேஸ்திரி அதற்குச் சொன்னதை நான் ஒருநாளும் மறக்கவில்லை.

"சொன்னா இன்னா ஆவும் ரோசு? இஞ்சின் கெட்டுப்போயிருக்குன்னு தெரிஞ்சே எங்க புள்ளைங்களைக் கூட்டினு போனான் உன் புருசன்னு மூணு வூட்டு ஜனமும் நாளைக்கு அஞ்சலை வூட்டு வாசல்ல நிக்கும். ரெண்டு கொயந்தைய வெச்சிகினு அவ அந்தக் குப்பத்துலதான் இருக்கணும். அங்கதான் மீன் எடுக்கணும், விக்கணும். நான் ஸ்பேனரத் தூக்கினு எங்க வேணாலும் போவலாம்."

அஞ்சலை கன்னியப்பனின் மனைவி.

அண்ணி விடவில்லை. "அதுக்காக நீ கொலகாரன்னு பேரு வாங்குவியா?"

"நான் சொன்னது நெசந்தான். ஆனா சத்தத்த அடக்கிக் குடுத்தது யாரு? வாடிக்கைக்காரன் நம்ம பேச்சக் கேக்கறதில்ல ரோசு, இஞ்சின் சத்தத்ததான் கேக்கறான். வேணாம்னு சொல்லவேண்டிய வேலைக்கு நான் கூலி வாங்கிட்டேன். வாங்கினப்பறம் அவன்மேல தள்ளக்கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நைனா, நீயும் சொல்லக்கூடாது. என்மேல ஆணை."

நானும் அண்ணியும் அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டோம். அண்ணி அழுதுகொண்டே கட்டுப்பட்டார்கள்.

லாஞ்சுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். கொட்டகையைக் காலி செய்துவிட்டு, சாமான்களை என் பட்டறையின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டார். கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் இஞ்சின்கள், தொழிற்சாலைகளில் கம்ப்ரசர்கள், காலடிப்பேட்டையில் ஒரு மாவு மிஷின். பஸ்ஸில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு போவார். பார்க்கிற கூலி கேட்பதை நிறுத்திவிட்டார். மற்றபடி அதே முறைதான், ஒரு மாற்றத்தைத் தவிர. பாதி வேலை என்று யார் வந்து அழுதாலும் எழுந்து போய்விடுவார். ஒரு முறை உப்பளத்து ஆட்கள் சிலர் காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். அவர் பட்டறைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

காலையில் மட்டும் கடற்கரைக்குப் போவார். லாஞ்சுகள் கிளம்புகிற நேரம். யாரும் அவரோடு பேச மாட்டார்கள், அவரும் யாரோடும் பேசமாட்டார். தள்ளி நின்று ஒவ்வொரு இஞ்சினும் கடந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு என் பட்டறைக்கு வந்து, "அந்தப் பச்ச கலர் லாஞ்சுல மூணாவது சிலிண்டர் சரியா வெடிக்கல. நாசில் போச்சி. நீ கண்டுபுடிச்ச மாதிரி சொல்லிடு" என்பார். நான் போய்ச் சொல்வேன். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். லேத்துக்காரருக்குக் காது நல்லா கேக்குது என்று கடற்கரையில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. ஒரு தடவை அவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "பேரா இஞ்சின ஓட்டுது? லாஞ்சு திரும்பி வந்தா சரி" என்றார். எல்லப்பனுடைய இளைய மகனின் லாஞ்சும் அப்படிச் சொல்லித் திருத்தியவற்றில் ஒன்று.

தெருவில் எல்லப்பன் எதிரே வந்தால் மேஸ்திரி ஓரமாக ஒதுங்கி நிற்பார். எல்லப்பன் காறித் துப்பிவிட்டுப் போவார். இப்படி ஏழெட்டு வருடம். ஒரு மனிதர் ஏழெட்டு வருடம் தினமும் இதைச் சுமந்தார் என்பதை எழுதும்போதே எனக்குக் கை ஓடவில்லை.

அஞ்சலை மீன் கூடையோடு அவர் வீட்டுத் தெரு வழியாகப் போவதுண்டு. அண்ணி அவளிடம் மீன் வாங்க மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். மேஸ்திரி வீட்டில் இருந்தால் கதவைத் திறந்து, "எம்மா, ரெண்டு துண்டு வை" என்று வாங்கிக்கொண்டு, கேட்ட விலையைக் கொடுத்து அனுப்புவார். அவளும் தலை நிமிராமல் வைத்துவிட்டுப் போவாள்.

புதன்கிழமை அடக்கம். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தோம். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டு முன்னதாகவே கோயிலுக்குப் போயிருந்தார். துறைமுகத்துப் பழைய சகாக்கள் சிலர், அண்ணியின் உறவினர்கள், உப்பளத்திலிருந்து இரண்டு பேர். பெட்டியைத் தூக்க ஆள் போதுமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிலைமை எனக்கு அவமானமாக இருந்தது, அவருக்காக.

அப்போது தெருமுனையில் குப்பத்து ஜனம் தெரிந்தது. முன்னால் அஞ்சலை. அவளுடைய மூத்த மகன், இப்போது மீசை அரும்பிய வாலிபன், பக்கத்தில் வந்தான். பின்னால் லாஞ்சுக்காரர்கள், பெண்கள். எல்லப்பனும் தடியூன்றிக்கொண்டு வந்தார். ஏதோ வம்புக்குத்தான் வருகிறார்கள் என்று பயந்து எழுந்து நின்றேன்.

அஞ்சலை நேராகப் பெட்டிக்கு அருகில் வந்து நின்றாள். ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜனத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. வர்ற வழியில சொல்லல, இங்க வந்து இவரு முன்னால சொல்லணும்னுதான் கூட்டினு வந்தேன். இஞ்சின் சரியில்ல, கரைய உட்டுத் தள்ளிப் போவாத, காத்து வந்தா திரும்பிடுன்னு மேஸ்திரி சொல்லித்தான் அனுப்பிச்சாரு. எம்புருசன் என்னாண்ட அன்னிக்கே சொன்னாரு. கடலுக்குப் போன அன்னிக்குக் காலீல போவாதய்யான்னு நான் தடுத்தேன். 'ஒரே ஒரு வாட்டி'ன்னு சொல்ட்டுப் போனாரு. மேஸ்திரி எங்கனா ஒரு வார்த்த சொல்லிடுவாருன்னு நான் தெனம் பயந்துகினே இருந்தேன். அவரு சொல்லவே இல்ல. எனுக்காகத்தான் சொல்லலைன்னு எனுக்குத் தெரியும். தெரிஞ்சும் கம்னு இருந்துட்டேன்."

எல்லப்பன் என்னிடம் வந்தார். உதடு கோணிக்கொண்டது.

"உனுக்குத் தெரியுமா நைனா?"

"தெரியும் பெரியவரே."

"நெசமா?"

"நெசம். உங்க சின்னவன் லாஞ்சுல பம்ப் போச்சின்னு போன வருசம் நான் சொன்னேனே, அதுவும் நான் கண்டுபுடிச்சதில்ல. அவரு சொன்னது."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தடி உருண்டு போனது. வயதான ஒருவர் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. மகனுக்காக அழுதாரா, மேஸ்திரிக்காக அழுதாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அஞ்சலை ரோசம்மா அண்ணியின் காலடியில் விழுந்தாள். "அக்கா, என்னை அடிக்கா. செருப்பால அடி."

அண்ணி அவளைத் தூக்கவில்லை, உதறவும் இல்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ வந்து சொல்லுவன்னு அவரு ஒரு நாளும் எதிர்பாக்கல அஞ்சல. நாந்தான் எதிர்பாத்தேன். கதவுக்குப் பின்னால நின்னுகினு, இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு கேட்டுகினே இருந்தேன்." பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். "நேத்து காலீல டிபன் டப்பா எடுத்துகினு போனாரே. அதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்த. காதுல வாங்கினு போயிருப்பாரே."

அண்ணி கடைசியில் குனிந்து அஞ்சலையின் தோளைப் பிடித்தார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதை மன்னிப்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அழுவதற்கு அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு தோள் இல்லை.

பெட்டியைத் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. லாஞ்சுக்காரர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். கோயிலுக்கும் அங்கிருந்து காசிமேட்டுக் கல்லறைக்கும் அவர்களே மாறி மாறிச் சுமந்தார்கள். வழியில் இருந்த பட்டறைகளில் மிஷின்களை நிறுத்தினார்கள்.

கல்லறையில் குழிக்கு மேல் பெட்டியை வைத்தபோது குழி வெட்டுபவர் கயிற்றை எடுத்தார். கன்னியப்பனின் மகன் அவரிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். மறுமுனையை எல்லப்பனின் இளைய மகனும், இரண்டாவது கயிற்றை வேறு இரண்டு லாஞ்சுக்காரர்களும் பிடித்தார்கள். தினமும் கடலில் வலையையும் நங்கூரத்தையும் இறக்குகிற கைகள். கயிறு ஒரு இடத்திலும் உதறாமல், பெட்டி ஒரு பக்கமும் சாயாமல், விரல் விரலாக விட்டார்கள். எல்லப்பன் மேட்டில் நின்றுகொண்டு, அழுகைக்கு நடுவே, "மெதுவா உடு... மெதுவா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடியில் போய்ச் சேர்ந்த பிறகும் சிறிது நேரம் அவர்கள் கயிற்றை விடவில்லை.

மேஸ்திரி, உங்கள் காதுக்கு எட்டாத நேரத்தில்தான் எல்லாரும் பேசினார்கள். நீங்கள் இருந்திருந்தால் அஞ்சலையைப் பேச விட்டிருக்கமாட்டீர்கள் என்றும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். என் பட்டறையில் உங்கள் மூலை ஆளில்லாமல் கிடக்கிறது. கூப்பிட வாய் வருகிறது. படுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காலையிலும் இனி நீங்கள் எழுந்து போய்க் கரையில் தனியாக நிற்க வேண்டியதில்லை.